அத்தியாயம் 5: அரசாங்கக் கன்றும் நம் மலைச்சரிவும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் ஏ4 வீதி, ஹல்துமுல்லையைத் தாண்டிப் பெரகல சந்தியில் பிரிகிறது. ஏ16 மேலே ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்குப் போகும். ஏ4 கொஸ்லந்தைப் பக்கம் இறங்கி வெல்லவாயவுக்குப் போகும். மரம் நடப் போகிறவர் வீதியைவிடத் தண்ணீர் போகும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹல்துமுல்லைப் பக்கத்து ஓடைகள் வளவை கங்கையில் சேர்கின்றன. கொஸ்லந்தைப் பக்கத்து நீர் தியலும அருவியாக விழுந்து கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. அப்புத்தளை முகட்டுக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை உமா ஓயா வழியாக மகாவலியில் கலக்கிறது. மூன்று ஆறுகளுக்குத் தலைமாடு இந்த மலை. இங்கே ஒரு ஊற்று வற்றினால் கீழே யாரோ ஒருவரின் வயலில் அது தெரியும்.

இலங்கையின் வனப்பரப்பு, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 2010ஆம் ஆண்டுக் கணிப்பில் 29.7 சதவீதம். 2030க்குள் அதை 32 சதவீதமாக்குவோம் என்று அரசாங்கம் உலக நாடுகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கை வைத்துத்தான் ஊருக்கு ஊர் மரநடுகைத் திட்டங்கள் வருகின்றன, கன்றுகள் வருகின்றன, பதாகைகளும் வருகின்றன. அந்தக் கன்றுகளை முறையாகக் கேட்டு வாங்கி, சரியான மாதத்தில் நட்டு, மூன்று வெயில் காலம் உயிரோடு காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். வீட்டுத்தோட்டத்தில் வைக்கிற பலாவும் நெல்லியும் அந்த 32 சதவீதக் கணக்கில் காடாக எண்ணப்படுவதில்லை. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நாட்டுக்குத் தேவையான பலகையில் பெரும்பங்கைக் கொடுப்பது வீட்டுத்தோட்டங்கள்தான்.

மலை மொட்டையான கதை, சுருக்கமாக

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பிறகு காடு அழிந்து கோப்பியானது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டில் கை வைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சுற்றிய காடும் இன்றும் நிற்பதற்கு அந்த ஆலோசனையும் ஒரு காரணம். பெரகல அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. அப்புத்தளை நகரமே கீழேதான். ஆகவே நம் பக்கத்தில் ஓடைக்கரை வரை தேயிலை இறங்கியது.

பிறகு 1970களிலும் 80களிலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் பத்தனைப் புல்வெளிகளிலும் அரசாங்கம் பைன் மரம் நட்டது. வேகமாகப் பச்சையானது உண்மை. ஆனால் பைன் தோப்புக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே ஊசி இலை மெத்தை, அதில் புல் பூண்டு குறைவு, கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பீடித் துண்டு போதும் மலையே எரிய. பைன் வந்த பிறகு பீலித் தண்ணீர் குறைந்தது என்று சொல்லாத தோட்டம் ஊவாவில் அபூர்வம். பைனை முழுக்கப் பழிப்பதும் சரியில்லை. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் காட்டு ஆய்வாளர்களான நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் மார்க் அஷ்டனும் 1990களில் தொடங்கிய பரிசோதனையில், பைன் வரிசைகள் சிலவற்றை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் உள்நாட்டு மரக்கன்றுகளை வைத்தார்கள்; பைன் நிழலே அவற்றுக்குத் தாதியானது. இருக்கிற தோப்பை என்ன செய்யலாம் என்று வன அதிகாரியிடம் பேசும்போது இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

2010 நவம்பர் 15ஆம் திகதி, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் இரண்டாம் பதவிக்காலத் தொடக்கத்தையொட்டி, ‘தெயட்ட செவன’ திட்டத்தில் நாடெங்கும் 11 நிமிடத்தில் 11 இலட்சம் கன்றுகள் நடப்பட்டன. அதற்குப் பின் மைத்திரிபால சிறிசேன காலத்தில் ‘வனரோபா’ வந்தது. 2020இல் ‘ஹுஸ்ம தென துரு’ வந்தது. பெயர் மாறும், படம் மாறும், கன்று ஒன்றுதான். 11 நிமிட நடுகையைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு என்றாலும், நவம்பர் மாதத்தைத் தேர்ந்தது ஊவாவுக்குச் சரியான தேர்வு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கென்யாவில் 1977இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் வேறு விதமாக யோசித்தது: கன்று நட்டதற்குப் பெண்களுக்குக் காசு கிடையாது, பிழைத்து நிற்கிற கன்றுக்குத்தான் காசு. நம் திட்டங்களில் எண்ணிக்கை நடும் அன்றே முடிந்துவிடுகிறது. அடுத்த ஒக்டோபரில் வந்து எண்ணுங்கள் என்று கேட்கிற முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

குழி வெட்டும் முன்: நிலம் யாருடையது?

கன்று கிடைப்பது கடினமில்லை. இடம்தான் சிக்கல். மலையகத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு நட்ட பல மரங்கள், வளர்ந்த பிறகு நட்டவருக்குச் சொந்தமில்லாமல் போயிருக்கின்றன.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயத்தில் குடியிருக்கிறவருக்கு இரண்டுமில்லை. லயத்துக்குப் பின்னால் நீங்கள் இருபது வருடம் காய்கறி போட்ட துண்டு நிலமாக இருந்தாலும், அங்கே வைக்கிற பலா தோட்டக் கணக்கில்தான் நிற்கும். ஆகவே தோட்ட நிலத்தில் நடுவதென்றால் பெரிய துரையிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், எத்தனை கன்று, என்ன இனம், காய் கனி யாருக்கு, பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தோட்ட முத்திரையும் வாங்குங்கள். “நட்டுக்கோ, பார்த்துக்கலாம்” என்று துரை சொன்னது, அவர் மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடும். தோட்டமே நடுகை வேலை கொடுத்தால் அந்த நாளுக்குப் பேர் (நாட்கூலி) போடுவார்களா, அரைப்பேரா முழுப்பேரா என்பதையும் பிரட்டுக்களத்திலேயே கேட்டுவிடுங்கள். சிரமதானம் என்று சொல்லிக் கூப்பிட்டால் அது உங்கள் விருப்பம் மட்டுமே.

தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களின் நிலை நல்லது. பத்திரம் கையில் இருந்தால் மரமும் உங்களது. ஆனால் 7 பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். அதில் வீடும் போக மிச்சம் இரண்டு பழமரத்துக்கும் ஒரு வேலி வரிசைக்கும்தான் இடம். மூன்றாவது பெரிய மரம் வைக்க ஆசைப்படாதீர்கள். கூரை சொல்லும் புத்திமதி பிறகு வரும்.

சிறுபற்று நிலத்தில் தேயிலை வைத்திருப்பவர்கள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ வைத்திருப்பவர்கள், அந்தப் பத்திரத்தின் பிரதியோடு போனால் வேலை விரைவாக நடக்கும். கோயில் நிலம், பாடசாலை நிலம் என்றால் நிர்வாக சபையின் அல்லது அதிபரின் கடிதம். பிரதான வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது; ஓடை ஒதுக்கத்துக்குப் பிரதேச செயலாளரைக் கேட்க வேண்டும். வனத் திணைக்களத்தின் காட்டுக்குள் நல்லெண்ணத்தோடு போய்ப் புல் வெட்டிக் கன்று வைத்தாலும் குற்றம்தான். அங்கே அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது

முதல் கதவு கிராம உத்தியோகத்தர். அவர் கன்று தரமாட்டார். ஆனால் நீங்கள் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று அவர் எழுதிய கடிதம் மற்றக் கதவுகளைத் திறக்கும். அடுத்தது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வட்டார அலுவலகம். பலகை மரம், ஓடைக்கரை மரம், உள்நாட்டு மரம் எல்லாம் அவர்களுடைய நாற்றுமேடையில்தான். பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் ஜூன் மாதத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒக்டோபரில் போய்க் கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். மிச்சமாக நிற்பது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத இனம்.

மிளகு, கோப்பி, கராம்பு போன்றவற்றுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் நடுகைப் பொருளும் மானியமும் தருகிறது. இதை மரநடுகையோடு சேர்த்துப் பார்க்கத் தவறாதீர்கள். மிளகுக் கொடி ஏறுவதற்குக் கிளிரிசீடியா வேண்டும்; அந்தக் கிளிரிசீடியா வேலியாகவும், உரமாகவும், விறகாகவும் பயன்படும். பழமரத்துக்கும் ஒட்டுக்கன்றுக்கும் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். சிறுபற்றுத் தேயிலைக்காரர்கள் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபையிடம் மீள்நடுகை பற்றிப் பேசும்போதே நிழல் மரத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஊவாத் தேயிலைக்கு என்ன நிழல் எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சொல்ல, தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பசறையில் பிராந்திய நிலையம் இருக்கிறது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பு அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் எழுதித் தரச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பெயர், முகவரி, கிராம உத்தியோகத்தர் பிரிவு, நிலத்தின் அளவும் உரித்தும், எந்த இனத்தில் எத்தனை கன்று, எந்த வாரம் நடுவீர்கள், யார் காவல், இவ்வளவும் இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். உங்கள் பிரதேசத்துக்குப் போன வருடம் எத்தனை கன்று வந்தது, எங்கே நடப்பட்டது, எத்தனை பிழைத்தது என்று கேட்பதற்கும் இதே சட்டம்தான். மூன்றாவது கேள்விக்குப் பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஜூன் 5ஐ மறந்துவிடுங்கள்

உலகச் சுற்றாடல் தினத்தன்று பாடசாலைதோறும் கன்று நடுகிறார்கள். ஊவாவில் இது கன்றைக் கொல்கிற வழி. ஜூன் முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் வறண்ட காற்று. ஊவாத் தேயிலைக்கு ஓகஸ்ட்டில் மணம் ஏறுவது அந்தக் காற்றால்தான். அதே காற்று புதுக் கன்றின் இலையைக் காகிதமாக்கிவிடும். ஏப்ரல் மழையில் நட்ட கன்றும் வேர் பிடிக்கும் முன் அதே காற்றில் மாட்டிக்கொள்ளும். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் கடைசி வரைதான் நம் காலம். இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் அடுத்தடுத்து வருவதால், பெப்ரவரி வெயிலுக்கு முன் கன்றுக்கு மூன்று மாதம் கிடைக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஜூன் 5 அன்று பிள்ளைகளை விதை போட வையுங்கள். பலாக்கொட்டை, நாக விதை, கடுக்காய் எதுவாயினும், பையில் போட்டுத் தவறணை வைத்து, கெக்கில்லை நிழல் கட்டி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரிசை கொடுங்கள். பலாக்கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்த உடனே போட வேண்டும், காய்ந்தால் முளைக்காது. ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம். மழை தொடங்கியிருந்தால் அன்றே நடலாம், இல்லாவிட்டால் இரண்டு வாரம் பொறுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி உங்கள் பாடசாலையில் இருந்தால் இந்த வேலையை அதன் கணக்கில் சேர்க்கலாம்.

எந்த இடத்தில் எந்த மரம்

ஓடைக்கரைக்கு மருது. நீரோட்டத்தோடு மல்லுக்கு நிற்கக்கூடிய வேர் அதற்கு. பெரகலவுக்குக் கீழே கொஸ்லந்தை நோக்கி இறங்கும் வெயில் சரிவுக்கு நெல்லி, கடுக்காய், தான்றி. மூன்றும் ஊவாவின் புல்வெளிக் காட்டுக்குச் சொந்தமான மரங்கள், தீயையும் ஓரளவு தாங்கும், மருந்துக்கடையில் விலையும் உண்டு. வீட்டுப் பக்கம் பலா, பட்டர் புரூட், கொய்யா. பலகைக்குச் சண்பகம், மலைவேம்பு. தேயிலைக்குள் உயர நிழலுக்கு நம்மவர்கள் சவுக்கு என்று சொல்கிற கிரெவிலியா, தாழ்ந்த நிழலுக்கு முள்முருங்கை.

வேண்டாதவை இரண்டு. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்தை ஊற்றுக்கும் குடிநீர்ப் பீலிக்கும் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். விறகுக்கு நல்ல மரம், ஆனால் தண்ணீர் குடிப்பதிலும் வளர்வதிலும் அது ஒரே வேகம். வாகையை லயத்துக்கு மேலே வைக்காதீர்கள். பத்து வருடத்தில் வானத்தை மறைக்கும், மரம் மென்மையானது, கிளை முறிந்தால் தகரக் கூரை தாங்காது. ஏற்கெனவே அப்படி நிற்கிற வாகை இருந்தால், அதை வெட்டித்தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுதுவதும் இந்த அத்தியாயத்தின் வேலைதான்.

மரம் மலையைத் தாங்குமா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளை மறுபடியும் சரித்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் மேடையில் சொல்கிறார்: மரம் நட்டிருந்தால் இது நடந்திருக்காது. பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஆபத்தான சரிவுக்குக் கீழே குடியிருப்பது உயிருக்கு ஆபத்து.

வேர் பிடித்து வைப்பது மேல் மண்ணை. வரம்பு சரிவது, பாதையோரம் இடிவது, மழையில் மண் கரைந்து ஓடுவது, இவற்றை மரமும் புல்லும் நன்றாகவே தடுக்கும். வேர் எட்டாத ஆழத்தில் தண்ணீர் புகுந்து, பாறையின் மேலிருக்கும் மண் முழுவதும் வழுக்கத் தொடங்கினால், மரம் அதோடு சேர்ந்தே இறங்கும். அங்கே வேலை செய்வது கான். மேலிருந்து வரும் தண்ணீர் மலைக்குள் இறங்காமல் ஓடைக்குப் போக வேண்டும். பழைய தோட்டங்களில் கான் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் ஒரு தனி வேலையாகவே இருந்தது. ஆள் குறைந்த பிறகு முதலில் நின்றுபோன வேலைகளில் அதுவும் ஒன்று. கன்று நட ஆள் சேர்க்கும் நாளிலேயே அடைபட்ட கானையும் திறந்துவிட்டால், அந்த நாள் இரண்டு மடங்கு பயன்.

சரிவில் நிலம் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வந்திருந்தால், அங்கே குழி வெட்டாதீர்கள். குழி தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பதுளைக்குப் பக்கத்தில் பதுலுசிரிகமவில் அவர்களே தாவரங்களைக் கொண்டு சரிவைக் கட்டும் முயற்சியைச் செய்திருக்கிறார்கள். எந்த இடத்தில் புல், எந்த இடத்தில் புதர், எந்த இடத்தில் மரம் என்று அங்கே பார்த்துக் கற்கலாம். செங்குத்தான சரிவின் உச்சியில் உயரமான மரம் வைத்தால் காற்று அதை ஆட்டும், ஆட்டுகிற ஆட்டத்தில் மண் இளகும். அங்கே வெட்டிவேர் வரிசையும் மானாப்புல்லும் போதும். மழைக் கணக்கையும் நினைவில் வையுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேற்றம். எத்தனை மரம் நட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

குழியும் காவலும்

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணைத் தனியே வைத்து, அதில் கொம்போஸ்ட் கலந்து முதலில் உள்ளே போடுங்கள். பையைக் கிழித்து எடுக்க வேண்டும். பையோடு நட்ட கன்றுகளை இன்னும் பார்க்கிறோம். சரிவின் மேற்பக்கத்து மண்ணை இழுத்துக் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் அணை போடுங்கள். வெட்டிய மானாப்புல்லைச் சுற்றிலும் மூடாக்காகப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம், தண்டு அழுகும். ஒரு கம்பு நாட்டித் தளர்வாகக் கட்டுங்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான செலவு. மாடு, ஆடு, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி நான்குக்கும் இளங்கன்று பிடிக்கும். கிளிரிசீடியாக் கம்பு வேலி மலிவானது. ஜூலைக்கு முன் நடுகையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீவரம்பு வையுங்கள். செத்த கன்றுகளை அடுத்த ஒக்டோபரில் மாற்ற, வாங்கும்போதே பத்துக்கு இரண்டு அதிகம் கேட்டுத் தவறணையில் வைத்திருங்கள். பொதுவான காவல் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு பிரித்து, இந்தப் பத்துக் கன்று இந்த அம்மாவுக்கு, இந்தப் பத்து இந்தத் தம்பிக்கு என்று பெயர் எழுதிக் கொடுங்கள். நேபாளம் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராமக் குழுக்களிடம் காட்டை ஒப்படைத்தபோது, பராமரிப்போடு சேர்த்துப் பயனையும் அவர்களிடமே கொடுத்தது. காவல் அதனால் நிலைத்தது. தோட்டத்தோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் காய் கனி யாருக்கு என்ற வரியை இடச் சொன்னதும் இதற்காகத்தான்.

வெட்டும் காலம் வந்தால்

உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம உத்தியோகத்தர் பார்த்து அறிக்கை கொடுக்க, பிரதேச செயலாளர் அனுமதி தருவார். மற்ற மரங்களில் வெட்டுவதற்கு அனுமதி வேண்டாத இனமும் உண்டு. ஆனால் வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவர, வனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவைப்படும் இனங்கள் பல. எந்த இனத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வட்டார அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும். நடும்போது வாங்கிய கன்றுப் பற்றுச்சீட்டும், முத்திரை குத்திய விண்ணப்பமும், நட்ட வருடத்தில் எடுத்த ஒரு படமும் இருந்தால், இந்த மரம் இந்தக் காணியில் நீங்கள் வளர்த்தது என்று காட்டுவது சுலபம். வியாபாரி லொறியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “பேப்பரெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்பார். அனுமதிப்பத்திரத்தில் உங்கள் பெயரும் மரத்தின் எண்ணிக்கையும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாள் வைக்கச் சொல்லுங்கள்.